ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் எழுத்துப் பயிற்சி: எந்தப் பாடத்திட்டம் எடுப்பது?

கேள்வி, ஆகஸ்ட் 2

மகனுக்கு 12 வயது. டெக்சஸில் இருக்கிறோம். இந்த ஆண்டுதான் பள்ளியிலிருந்து நிறுத்தி ஹோம்ஸ்கூல் (வீட்டுப்பள்ளி) தொடங்குகிறோம். கணக்கில் ஒரு வகுப்பு முன்னால் போகிறான், தடித்தடியான புத்தகங்களாக எடுத்துப் படிக்கிறான். படித்ததைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் விடாமல் பேசுவான். எழுதச் சொன்னால் நாலு வரி, அதுவும் கடனே என்று. ஐஇடபிள்யூ, ரைட்டிங் வித் ஸ்கில், பிரேவ் ரைட்டர், ரைட்டிங் அண்ட் ரெட்டரிக் என்று ஆளுக்கு ஒரு எழுத்துப் பாடத்திட்டம் சொல்கிறார்கள். இதில் எது நல்லது? இன்னொன்று, நானும் கணவரும் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவர்கள். அவன் எழுதும் ஆங்கிலத்தை எங்களால் திருத்த முடியுமா?

ஆகஸ்ட் 2, இரவு

எது நல்லது என்பதை அப்புறம் பார்க்கலாம். பையன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று முதலில் தெரிய வேண்டும். "எழுத மாட்டேன்கிறான்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் மூன்று வேறு வேறு சிக்கல் ஒளிந்திருக்கலாம். மனதில் இருப்பதை வாக்கியமாக்க வராமல் இருக்கலாம். வாக்கியம் வருகிறது, கை அந்த வேகத்துக்கு ஓடாமல் இருக்கலாம். இரண்டும் வருகிறது, எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்பது தெரியாமல் இருக்கலாம்.

ஒரு மாலை இதைச் செய்து பாருங்கள். அவன் படித்த ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச வையுங்கள், போனில் பதிவு செய்யுங்கள். முதல் ஐந்து நிமிடப் பேச்சை அவன் சொன்னது சொன்னபடியே டைப் செய்யுங்கள். நீங்கள் திருத்த வேண்டாம். மறுநாள் அதை எடுத்துப் படியுங்கள். பேச்சு கோவையாக இருந்தால் சிக்கல் கையில். வாக்கியங்கள் நன்றாக இருந்தும் நடுவிலிருந்து தொடங்கி முன்னும் பின்னும் ஓடினால் சிக்கல் வரிசையில். வாக்கியங்களே பாதியில் அறுந்து அறுந்து வந்தால் இன்னும் கொஞ்ச நாள் வாய்வழிப் பயிற்சிதான் வேண்டும். இது தெரியாமல் புத்தகம் வாங்காதீர்கள்.

ஆகஸ்ட் 3

மேலே "கையில்" என்று எழுதியதை விட்டுப் போக மனம் வரவில்லை. கை வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். எழுத்துகளின் அளவு ஒரே வரியில் மாறுகிறதா, பேனாவை அழுத்திப் பிடிக்கிறானா, வாயால் சரியாகச் சொல்லும் ஸ்பெல்லிங்கை எழுதும்போது மட்டும் தப்பு விடுகிறானா என்று பாருங்கள். டிஸ்கிராஃபியா என்ற எழுதுவதில் வரும் குறைபாடு புத்திசாலிப் பிள்ளைகளிடம் வெகுநாள் தெரியாமலே இருக்கும், பேச்சுத் திறமை அதை மூடிவிடும். சந்தேகம் இருந்தால் கை வேலைத் திறனுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். இல்லையென்றால் டைப்பிங் கற்றுக் கொடுங்கள், 12 வயதில் அது தாமதமே இல்லை.

ஆகஸ்ட் 5

நீங்கள் போட்ட பேச்சுப் பதிவைப் படித்தேன். அருமையான வாக்கியங்கள். "ஆனா அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்பது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படியானால் உங்கள் பையனுக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை, வரிசைதான் இல்லை. திறமையுள்ள பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். மனதில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது, எழுத்திலோ ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். அந்த மலைப்பில் நாலு வரியோடு பேனாவை மூடிவிடுகிறார்கள்.

இப்போது நீங்கள் சொன்ன நான்கையும் பார்க்கலாம். நான்கும் நான்கு வேறு நம்பிக்கைகளிலிருந்து பிறந்தவை.

ஐஇடபிள்யூ (இன்ஸ்டிட்யூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்): ஆண்ட்ரூ புடேவாவின் நிறுவனம். ஒரு மூலப் பத்தியை எடுத்துக்கொள்வார்கள். வாக்கியத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் எடுக்காமல் குறிப்பு எழுத வேண்டும், பிறகு மூலத்தை மூடிவிட்டு அந்தக் குறிப்பை மட்டும் பார்த்து மீண்டும் எழுத வேண்டும். மொத்தம் ஒன்பது அலகுகள். குறிப்பெடுப்பதில் தொடங்கி, கதையை மறுபடி சொல்வது, படத்தைப் பார்த்து எழுதுவது, பல நூல்களிலிருந்து தொகுப்பது, கட்டுரை, விமர்சனம் என்று போகும். கூடவே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் இருக்கும்: வலுவான வினை ஒன்று, நல்ல அடைமொழி ஒன்று, 'பிகாஸ்' வரும் துணைவாக்கியம் ஒன்று, இப்படி. 6 முதல் 8ஆம் வகுப்புக்கு பி நிலை. வீடியோவில் அவரே பாடம் நடத்துவதால் வேலை பார்க்கும் பெற்றோருக்குத் தோது.

ரைட்டிங் வித் ஸ்கில்: சூசன் வைஸ் பாவர் எழுதியது, 2012 முதல் வருகிறது, மூன்று நிலைகள். முதல் நிலை 36 வாரம், வாரத்துக்கு நான்கு நாள். பிள்ளையிடமே நேரடியாகப் பேசும் நடை. முதலில் சுருக்கி எழுதுவது, பிறகு பத்திக்கு ஒரு வரி வீதம் அவுட்லைன் (கட்டுரையின் சட்டகம்) எடுப்பது, பிறகு நடந்ததை நடந்த வரிசையில் சொல்லும் வரலாற்றுப் பத்தி, அறிவியல் விவரிப்பு, இடம், ஆள், வாழ்க்கைக் குறிப்பு என்று வடிவம் வடிவமாகப் போகும். ஆசிரியருக்குத் தனிப் புத்தகம் உண்டு. பிள்ளை தடுமாறினால் என்ன சொல்லித் தூண்டலாம், விடை எப்படி இருக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

ரைட்டிங் அண்ட் ரெட்டரிக்: கிளாசிக்கல் அகாடமிக் பிரஸ் வெளியீடு, 12 புத்தகங்கள், நீதிக்கதையில் தொடங்கி மேடைப்பேச்சில் முடியும். பழைய கிரேக்க, ரோமானியப் பிள்ளைகள் செய்த பயிற்சிகளை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி அமைத்தது.

பிரேவ் ரைட்டர்: ஜூலி போகார்ட் தொடங்கியது. முதலில் பிள்ளையின் குரல் வெளியே வரட்டும், வடிவம் பின்னால் வரும் என்ற கட்சி. கடிகாரம் வைத்து நிறுத்தாமல் எழுதுவது, எழுதியதில் பிடித்ததை மட்டும் எடுத்து மெருகேற்றுவது. பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே எழுத வேண்டும்.

உங்கள் பையனிடம் குரல் தாராளமாக இருக்கிறது. வரிசை வேண்டும். அதனால் என் முதல் தேர்வு ரைட்டிங் வித் ஸ்கில், இரண்டாவது ஐஇடபிள்யூ.

ஆகஸ்ட் 6

பிரேவ் ரைட்டரை நான் ஒதுக்கிவிட்டதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். ஒதுக்கவில்லை. எழுதுவது என்றாலே அழும் பிள்ளைக்கு நான் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். அவர்கள் பேசும் படிநிலைகளில் ஒன்று இந்த வயதுக்கு மிகவும் பொருந்தும்: எழுத்து பாதி பிள்ளையுடையது, பாதி இன்னும் பெற்றோரின் கைப்பிடியில் இருக்கிறது, ஒரு நாள் தானாக எழுதுவான், மறுநாள் அம்மா வேண்டும் என்பான். அது இயல்பு என்று தெரிந்தாலே வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

ஆகஸ்ட் 7

பழைய கிரேக்கப் பயிற்சிகள் என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். புரோஜிம்னாஸ்மட்டா என்று பெயர். நாலாம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் இருந்த அஃப்தோனியஸ் என்ற ஆசிரியர் தொகுத்த வரிசையில் 14 பயிற்சிகள் உண்டு. நீதிக்கதை, கதை, ஒரு பெரியவர் சொன்ன வாக்கை விரித்துரைப்பது, பழமொழி, ஒரு கதை நம்பத்தகாதது என்று மறுப்பது, அதே கதையை நம்பலாம் என்று நிறுவுவது, புகழ்வது, இகழ்வது, ஒப்பிடுவது, வேறொருவர் வாயால் பேசுவது, வருணனை... கடைசியில் ஒரு சட்டத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ வாதாடுவது வரை.

இதில் மறுப்பதும் நிறுவுவதும் அடுத்தடுத்து வருவது எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே விஷயத்தின் இரண்டு பக்கமும் நின்று எழுத வைக்கிறது. வீட்டில் எதற்கெடுத்தாலும் வாதாடும் 12 வயதுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த நமக்கும் இதை நடத்துவது சிரமமாக இருக்காது. ரைட்டிங் அண்ட் ரெட்டரிக்கில் இவை இரண்டும் வரும் ஐந்தாம் புத்தகத்திலிருந்து பையன் தொடங்கலாமா என்றால், முந்தைய புத்தகங்களில் உள்ள கதைச் சுருக்கத்தையும் விரிவையும் ஒரு மாதம் வாய்மொழியாகச் செய்துவிட்டு அங்கே போகலாம் என்பேன்.

ஆகஸ்ட் 9

"கெட்டிக்காரப் பிள்ளைக்குப் பாடத்திட்டமே வேண்டாம், நன்றாகப் படித்தால் எழுத்து தானாக வரும்" என்று கீழே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பாதி சரி. படிக்காமல் எழுத்து வராது. ஆனால் படிப்பதால் மட்டும் வருவது காது. இந்த வாக்கியம் நன்றாக இல்லை என்று காதுக்குத் தெரியும், எப்படிச் சரி செய்வது என்று தெரியாது. பிள்ளைகள் எழுதாமல் இருப்பதற்கு இந்தக் காதே ஒரு காரணமாகிவிடுகிறது. தான் எழுதியது தான் படிக்கும் புத்தகம் மாதிரி இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது, மனசு விட்டுப்போகிறது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் சிறுவனாக இருந்தபோது இந்த இடைவெளியைத் தாண்டிய விதத்தைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். 'ஸ்பெக்டேட்டர்' என்ற லண்டன் பத்திரிகையின் பழைய தொகுதி ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதில் பிடித்த கட்டுரையை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதி, சில நாள் அப்படியே போட்டுவிடுவார். பிறகு மூலத்தைப் பார்க்காமல் குறிப்பிலிருந்து கட்டுரையைத் திரும்பக் கட்டி, மூலத்தோடு ஒப்பிட்டு, தன் குறைகளைத் திருத்திக்கொள்வார். கதைகளைச் செய்யுளாக்கி, நாளான பிறகு மறுபடி உரைநடையாக்குவார். இன்னொன்றும் செய்தார், அதுதான் உங்கள் பையனுக்கு: குறிப்புகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, சில வாரம் கழித்து, எந்த வரிசை சிறந்தது என்று தானே அடுக்குவார். எண்ணங்களை ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொள்ளவே அப்படிச் செய்ததாக அவரே சொல்கிறார்.

காசு செலவில்லாத பாடத்திட்டம் இது. நல்ல கட்டுரை ஒன்று, குறிப்பு அட்டைகள், கத்தரிக்கோல். புத்தகம் வந்து சேரும்வரை இதைச் செய்யுங்கள்.

ஆகஸ்ட் 10

குறிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறிப்புச் சட்டகம் கொடுத்து கட்டுரை எழுதச் சொல்வார்கள்: முன்னுரை, நடுவில் நாலைந்து தலைப்பு, முடிவுரை. நாம் அந்தச் சட்டகத்தை நிரப்பினோம், சட்டகத்தை உருவாக்கும் வேலையைக் கேள்வித்தாள் செய்துவிட்டது. இங்கே பிள்ளைகள் கற்க வேண்டியது அந்த வேலையைத்தான். நல்ல கட்டுரையிலிருந்து சட்டகத்தை உருவி எடுக்கத் தெரிந்தால், தன் கட்டுரைக்குத் தானே சட்டகம் போடத் தெரியும். ரைட்டிங் வித் ஸ்கில்லில் வாரக்கணக்கில் அவுட்லைன் எடுக்க வைப்பது இதற்குத்தான். பிள்ளைகள் சலித்துக்கொள்ளும் பகுதியும் இதுதான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆகஸ்ட் 14

தமிழ் வழியில் படித்த பெற்றோர் திருத்த முடியுமா என்பதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நானும் தமிழ் வழிதான். என் மகள் ஏழாம் வகுப்பு வயதில் எழுதியதைப் பார்த்து எனக்கும் இதே பயம் வந்தது. அதனால் ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். கட்டுரை அனுப்பினால் வாரங்கள் கழித்து மதிப்பெண்ணோடு "நல்ல முயற்சி" என்று வரும். அதற்குள் அவள் அந்தக் கட்டுரையையே மறந்திருப்பாள். அப்புறம் நானே உட்கார்ந்தேன்.

ஒரு கட்டுரையை மட்டும் சொல்கிறேன். 1900ஆம் ஆண்டு செப்டம்பர் 8 அன்று டெக்சஸ் கடலோரத் தீவு நகரான கால்வெஸ்டனை அழித்த புயலைப் பற்றி எழுதினாள். டெக்சஸ் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதைதான். குறைந்தது 6,000 பேர், பலரது கணக்கில் 8,000 பேர் இறந்த புயல். முதல் வரைவில் "யாரும் எச்சரிக்காததால் பலர் இறந்தார்கள்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. ஆங்கிலத்தில் அதில் பிழையே இல்லை. நான் தமிழில் கேட்டேன்: "யாரும்னா யாரு?"

"தெரியல அம்மா. வானிலை ஆபீஸ்காரங்க."

"அவங்களுக்குத் தெரியாதா, தெரிஞ்சும் சொல்லலையா?"

தேடிப் படித்தாள். அந்த ஊர் வானிலை அதிகாரி ஐசக் கிளைன், 1891லேயே, கால்வெஸ்டனுக்குப் புயலால் பெரிய ஆபத்து வரும் என்பது வீண் பிரமை என்று உள்ளூர்ப் பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தது கிடைத்தது. புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் போகிறது என்று கியூபாவிலிருந்த வானிலையாளர்கள் கணித்திருந்தும் வாஷிங்டன் அலுவலகம் அவர்கள் பேச்சை மதிக்கவில்லை என்பதும் கிடைத்தது. கிளைனின் மனைவியும் அதே புயலில்தான் இறந்தார். தீவின் மிக உயரமான இடமே 9 அடிக்கும் குறைவு, வந்த கடல் ஏற்றம் 15 அடி. அந்த ஒற்றை வாக்கியம் இரண்டு பக்கமாயிற்று. வரிசையும் தானாக அமைந்தது: முதலில் ஊரின் உயரம், பிறகு 1891 கட்டுரை, பிறகு கியூபா, கடைசியில் புயல் நாள்.

இதில் நான் ஆங்கிலம் திருத்தவே இல்லை. கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். "யாரு?", "உனக்கு எப்படித் தெரியும்?", "அப்புறம் என்ன ஆச்சு?", "இது இல்லாட்டி என்ன குறையும்?" இந்த நான்கும் கேட்கத் தெரிந்த எவரும் நல்ல எழுத்து ஆசிரியர்தான்.

ஆகஸ்ட் 15

எழுத்துப் பிழை, இலக்கணப் பிழைக்கு என்ன செய்வது என்று உடனே கேள்வி வந்திருக்கிறது. கட்டுரையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பாதிப் பிழையை அவனே பிடித்துவிடுவான். மீதிக்குக் கணினியை அவன் எழுதியதை வாசிக்க வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் இருப்பதில், ஒரு கட்டுரைக்கு ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். இந்த வாரம் காலம் மாறும் பிழை என்றால் அது மட்டும். எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்தால் அடுத்த கட்டுரை மூன்று வரியாகத்தான் வரும்.

ஆகஸ்ட் 16

தமிழில் பேசினால் ஆங்கில எழுத்து கெடாதா என்று கேட்டவருக்கு: கெடாது. யோசிப்பது எந்த மொழியில் நடந்தாலும் யோசித்ததாகத்தான் கணக்கு. என் மகள் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கும் போனாள். தமிழில் கால்வெஸ்டன் கதையை ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னபோது, தெரிந்த சொற்கள் குறைவு என்பதால் முக்கியமானதை மட்டும் எடுத்தாள். அந்தச் சுருக்கம் ஆங்கிலக் கட்டுரையின் முதல் பத்தியாகவே போய் உட்கார்ந்தது.

ஆகஸ்ட் 21

இலக்கணத்துக்குத் தனிப் புத்தகம் வேண்டுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 2007இல் ஸ்டீவ் கிரகாம், டோலரஸ் பெரின் இருவரும் கார்னகி நிறுவனத்துக்காக 'ரைட்டிங் நெக்ஸ்ட்' என்ற அறிக்கை எழுதினார்கள். 4 முதல் 12ஆம் வகுப்பு வரை எழுத்தை மேம்படுத்துவது எது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை. திட்டமிட, எழுத, திருத்த உரிய உத்திகளை நேரடியாகக் கற்றுத் தருவதற்கும், படித்ததைச் சுருக்கக் கற்றுத் தருவதற்கும் 0.82 என்ற அளவில் பலன் (எண் பெரிதானால் பலன் அதிகம், மைனஸ் என்றால் பலன் இல்லை, பாதகம்). வாக்கியங்களை இணைக்கும் பயிற்சிக்கு 0.50. நல்ல மாதிரிகளைப் பார்த்துப் படிப்பதற்கு 0.25. இலக்கணத்தை மட்டும் தனியாக நடத்தியதற்கு மைனஸ் 0.32. அதாவது இலக்கணம் தெரிவது வேறு, அதை எழுத்தில் பயன்படுத்துவது வேறு.

அதனால் இலக்கணத்தை வாக்கிய இணைப்பு வழியாகவே கொடுங்கள். "கால்வெஸ்டன் ஒரு தீவு. அது தாழ்வானது. அதைச் சுற்றி அப்போது கடற்சுவர் இல்லை." இந்த மூன்றையும் ஒரே வாக்கியமாக்கு, பிறகு வேறொரு விதமாக ஒரே வாக்கியமாக்கு, எதில் எது அழுத்தம் பெறுகிறது என்று சொல். தினம் பத்து நிமிடம் போதும். டான் கில்கேலன் இந்த வகைப் பயிற்சிகளை நடுநிலை வகுப்புக்கென்றே புத்தகமாகப் போட்டிருக்கிறார்.

டெக்சஸ்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 1994இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு வீட்டுப்பள்ளி இங்கே தனியார் பள்ளிக்குச் சமம். வாசிப்பு, ஸ்பெல்லிங், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு என்று ஐந்தைக் கட்டாயம் நடத்த வேண்டும். பட்டியலில் இலக்கணம் இருக்கிறது, கட்டுரை எழுதுவது தனியாக இல்லை. எனவே இலக்கணத்தை விட்டுவிடச் சொல்வதாக நினைக்காதீர்கள். எழுத்தோடு சேர்த்துச் செய்யுங்கள் என்கிறேன்.

ஆகஸ்ட் 22

பிள்ளை எழுத ஏஐ கருவியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: முதல் வரைவுக்கு வேண்டவே வேண்டாம். இந்த வயதில் முதல் வரைவுதான் பாடம். அட்டையில் கையால் குறிப்பு, அதிலிருந்து வரைவு, உங்களிடம் வாய்மொழியாக விளக்கம் என்று மூன்றும் இருந்தால் கருவி எழுதித் தந்ததைக் காட்டி ஏமாற்ற இடமே இருக்காது. கண்காணிப்பு மென்பொருளும் தேவைப்படாது.

செப்டம்பர் 1

ஆகஸ்ட் 5 குறிப்பைத் திரும்பப் படித்தேன். ஐஇடபிள்யூவின் சரிபார்ப்புப் பட்டியலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் திறமையான பிள்ளைகளின் பெற்றோர் அதிகம் பயப்படுவது அதைப் பார்த்துத்தான். எழுத்து இயந்திரத்தனமாகிவிடும் என்று. வெற்றுத் தாளைப் பார்த்து உறைந்துபோகும் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் பெரிய துணை. இப்போது என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, செய்ததும் ஒரு டிக் போடலாம். புடேவாவே 'எளிது கூட்டல் ஒன்று' என்று ஒரு கொள்கை சொல்வார். ஒன்று எளிதாக வந்த பிறகுதான் அடுத்ததைச் சேர்க்க வேண்டும்.

திறமையான பிள்ளைக்கு நான் இதையே மறுபக்கமும் பொருத்துவேன். எளிதாக வந்துவிட்டதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வலுவான வினை தானாக வர ஆரம்பித்தால் அதற்கு டிக் கேட்காதீர்கள். பட்டியல் என்பது கட்டடம் கட்டும்போது போடும் சாரம் மாதிரி, சுவர் நின்றதும் பிரிக்க வேண்டும். ஆண்டு முடிவில் அவன் பட்டியலில் இரண்டு வரிதான் மிச்சம் என்றால் பாடத்திட்டம் வேலை செய்திருக்கிறது.

இப்படிப் பார்த்தால், உங்கள் இருவருக்கும் வேலை நேரம் அதிகம் என்று நடுவில் சொன்னதை வைத்து, வீடியோ உள்ள ஐஇடபிள்யூவை நான் முன்பு வைத்த இடத்தைவிடக் கொஞ்சம் மேலே வைக்கிறேன். வாரம் நான்கு நாள் பிள்ளை தானாகப் புத்தகத்தோடு உட்காருவான் என்றால் ரைட்டிங் வித் ஸ்கில். உட்கார மாட்டான் என்றால் வீடியோ.

செப்டம்பர் 2

பையன் தானாக உட்காருவான் என்கிறீர்கள். சரி, அப்போது சந்தேகமே இல்லை, ரைட்டிங் வித் ஸ்கில்தான்.

செப்டம்பர் 7

உயர்நிலைப் பள்ளிக்கு இது போதுமா என்று கவலைப்படுபவர்களுக்கு. இங்கே ஒன்பது, பத்தாம் வகுப்பிலேயே சமுதாயக் கல்லூரியில் டூயல் கிரெடிட் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் பாடம்) எடுக்க விரும்பினால், கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்கும் டிஎஸ்ஐஏ2 தேர்வு எழுத வேண்டிவரும், அதில் ஒரு கட்டுரை உண்டு, மதிப்பெண் 1 முதல் 8 வரை, 5 வேண்டும். ஒரு கருத்தை எடுத்து, காரணம் சொல்லி, வரிசையாக நிறுத்தினால் கிடைக்கும் மதிப்பெண்தான் அது. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வின் விருப்பக் கட்டுரையை 2021இல் எடுத்துவிட்டார்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தின் கட்டுரைக்கு உச்ச அளவு 650 சொற்கள். அங்கே வடிவத்தைவிடக் குரல்தான் பேசும்.

ஆகவே ஏழு, எட்டில் வரிசை, ஒன்பது, பத்தில் வாதம், பதினொன்றில் மறுபடி சொந்தக் குரல். ஐந்து பத்திக் கட்டுரையை ஏழாம் வகுப்பிலேயே அச்சுப்போலப் பழக்கிவிடுங்கள் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சொல்ல வேண்டிய காரணம் இரண்டுதான் என்றால் மூன்றாவதை இட்டுக்கட்டப் பிள்ளை பழகிவிடும். முதலில் ஒரு பத்தியை ஒழுங்காக நிறுத்தட்டும், பத்திகளின் எண்ணிக்கையை விஷயம் முடிவு செய்யும்.

செப்டம்பர் 13

எந்த நிலையிலிருந்து தொடங்குவது என்று நேற்று நீங்கள் போட்ட கேள்விக்கு: ஏழாம் வகுப்பு என்பதால் இரண்டாம் நிலையிலிருந்து தொடங்காதீர்கள். பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ரைட்டிங் வித் ஸ்கில் முதல் நிலையே வாங்குங்கள். அவுட்லைன் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது, உங்களுக்கு வேண்டியது அதுதான். மாணவர் புத்தகம், ஆசிரியர் புத்தகம் இரண்டும் வாங்குங்கள். ஆசிரியர் புத்தகத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம், தமிழ் வழியில் படித்த நமக்கு அதில் இருக்கும் மாதிரி விடைகள் பெரிய பலம். பயன்படுத்திய பிரதிகள் ஹோம்ஸ்கூல் குழுக்களின் பழைய புத்தக விற்பனையில் கிடைக்கும். மாணவர் புத்தகத்தில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

சுருக்கி எழுதும் தொடக்க வாரங்கள் அவனுக்கு மிகவும் எளிதாகத் தோன்றும். இரண்டு வாரப் பாடத்தை ஒரே வாரத்தில் முடிக்கட்டும், தப்பில்லை. அவுட்லைன் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். வெள்ளிக்கிழமை பாடம் வைக்காமல், ஃபிராங்க்ளின் அட்டைகளைக் கலைத்துப் போட்டு அடுக்கும் வேலைக்கு விட்டுவிடுங்கள். அவன் அடுக்கிய வரிசைக்கும் மூலத்தின் வரிசைக்கும் எங்கே வேறுபாடு என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். சில சமயம் அவன் வரிசையே மேலாக இருக்கும். அப்போது அதைத் தயங்காமல் அவனிடம் சொல்லிவிடுங்கள்.